இனி இதுதான் நெகட்டிவ்

பீரோவின் அடித்தட்டில், பழைய பட்டுப்புடவைக்கும் பத்திரங்களுக்கும் நடுவே, பல வீடுகளில் ஓர் உறை கிடக்கிறது. உள்ளே துண்டு துண்டாக வெட்டிய நெகட்டிவ்கள். கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா, இன்று இல்லாத தாத்தா. பிரிண்ட்கள் செல்லரித்துவிட்டன. ஆல்பத்தை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள். படம் எடுத்த ஸ்டூடியோவும் இப்போது இல்லை. மிச்சம் இந்த உறைதான். அதிலும் பூஞ்சை படர ஆரம்பித்திருக்கிறது. கலர் நெகட்டிவின் சாயமோ இருட்டில் வைத்திருந்தாலும் மெல்ல மங்கிக்கொண்டே வருகிறது.

ஆகவே ஸ்கேன். லேபில் கொடுத்தால் பென் டிரைவில் போட்டுத் தருகிறார்கள். ஒரு படத்துக்கு எவ்வளவு, எத்தனை நாளாகும் என்றெல்லாம் விசாரிப்பவர்கள் ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்: எந்த ஃபார்மட்டில்? கேட்காவிட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஜேபெக். யாரும் ஒரே நெகட்டிவை இரண்டாவது முறை ஸ்கேன் செய்யப்போவதில்லை. பத்து வருடம் கழித்து நினைவு வந்தாலும் நெகட்டிவ் அந்த நிலையில் இருக்காது. எனவே இந்த ஒரு கேள்வியில் விஷயம் இருக்கிறது.

1992இல் தரநிலையான ஜேபெக் சிக்கனத்துக்காகப் பிறந்தது. படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. கழித்தது திரும்பி வராது. ஃபைலைத் திறந்து பார்ப்பதாலோ காப்பி எடுப்பதாலோ ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கறையை நீக்கி, நிறத்தைச் சரிசெய்து சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த குடும்பப் படங்களில் முகங்கள் மெழுகு பூசியதுபோல் இருப்பதற்குத் திரும்பத் திரும்ப நடக்கும் இந்தச் சுருக்கலே முக்கியக் காரணம்.

மாற்று, டிஃப். ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1986இல் வெளியிட்டது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. டிஃப்பின் ஆறாம் பதிப்பு 1992இல் வந்ததோடு சரி, அடிப்படை இன்றுவரை மாறவில்லை. ஸ்கேனர் பார்த்த ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே வைத்துக்கொள்ளும். விவர நூல் எல்லோருக்கும் கிடைக்கிறது என்பதால் எந்த சாஃப்ட்வேரும் இதைப் படிக்கலாம். பெரிய ஆவணக் காப்பகங்கள் விரும்புவதும் இதைத்தான். தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டலாக்கியபோது உதவிய பிரிட்டிஷ் நூலகத் திட்டம் கேட்பதும் டிஃப் ஃபைல்களையே.

விலை, இடம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீட்டர். அதை 4,000 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் சுமார் 2 கோடியே 14 லட்சம் புள்ளிகள். டிஃப்பாக வைத்தால் 8 பிட்டில் 64 எம்.பி., 16 பிட்டில் 128 எம்.பி. 36 படம் கொண்ட ஒரு ரோலுக்கு நான்கரை ஜி.பி.க்கும் மேல். மிரள வேண்டியதில்லை. நூறு ரோல்கூட ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் பாதிக்குள் அடங்கிவிடும். ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபிலிமில் எடுத்தது போன்ற கறுப்பு வெள்ளைப் படங்களை கிரேஸ்கேலில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு இடம் போதும்.

பிட் கணக்கு வெறும் ஆடம்பரமல்ல. கலர் நெகட்டிவில் ஆரஞ்சுப் பூச்சுக்கு அடியில் வெளிச்ச வித்தியாசங்கள் எல்லாம் சுருங்கிப் பதிந்திருக்கும். பாசிட்டிவாகத் திருப்பும்போது அவற்றை இழுத்து விரிக்க வேண்டும். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். விரித்தால் படிகளுக்கு இடையே இடைவெளி விழுந்து, வானம் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் 65,536 படிகள். வழக்கமான ஜேபெக்கில் 8 பிட்டுக்கு மேல் இடமே கிடையாது. டிஃப்பிலும் ஒரு எச்சரிக்கை: 16 பிட் படத்துக்கு எல்.இசட்.டபிள்யூ. சுருக்கத்தைப் போட்டால் சில சமயம் ஃபைல் இன்னும் பெருத்துவிடும். சுருக்காமல் வைப்பதே நல்லது.

ஃபார்மட் செத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி கோடக். 1990இல் அறிவித்து 1992இல் சந்தைக்கு வந்த அதன் போட்டோ சிடியில் சுமார் நூறு படங்கள் அடங்கும். தரமும் அந்தக் காலத்துக்கு அபாரம். ஆனால் ஃபார்மட்டின் முழு விவரத்தை கோடக் வெளியிடவில்லை. வியாபாரம் படுத்தது. போட்டோஷாப்பே பின்னாளில் இதைக் கைவிட்டது. 2012இல் கோடக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அந்த வட்டுகளைத் திறக்க ஆர்வலர்கள் எழுதிய இலவச சாஃப்ட்வேர்களைத் தேட வேண்டியிருக்கிறது. இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் சிடி போடவே இடமில்லை.

இதில் பாடம் இருக்கிறது. ஒரு கம்பெனியின் ஸ்கேனருக்கு மட்டுமே புரியும் ரா ஃபைலை நம்பி இருக்கக் கூடாது. வேண்டுமானால் அடோபி 2004இல் வெளியிட்ட டி.என்.ஜி. இருக்கிறது. விவரம் பகிரங்கமானது. சில ஸ்கேனர் சாஃப்ட்வேர்கள் நேரடியாகவே தருகின்றன. ஐபோன் 2017 முதல் பயன்படுத்தும் ஹெய்க்கும் கூகுளின் வெப்பியும் படம் அனுப்ப நல்லவை. மூலப்பிரதிக்கு அல்ல.

ஆக, லேபில் சொல்ல வேண்டியது: ஒவ்வொரு படமும் 16 பிட் டிஃப், சுருக்கம் வேண்டாம், ஷார்ப்பனிங் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு டிஸ்க்கில் காப்பி. ஒன்று வேறு ஊரில், உறவினர் வீட்டில் இருந்தால் நல்லது. அந்த ஃபைல்களை யாரும் தொடக் கூடாது. திருத்தம் எல்லாம் காப்பியில். அதிலிருந்து ஜேபெக் எடுத்து எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

முக்கியமாக, ஸ்கேன் முடிந்ததென்று உறையைக் குப்பையில் போடக் கூடாது. டிஃப்பைத் திறக்கவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். நெகட்டிவுக்கு அது வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தாத்தா தெரிவார்.