பிராக்டிஸ் வராதவர் எழுதிய சட்டம்

வக்கீல் தொழிலில் பிழைக்கத் தெரியாதவர்தான் சட்டப் பேராசிரியர் ஆகிறார் என்பது, சட்டக் கல்லூரி ஆண்டு விழாக்களுக்கு வரும் சீனியர்கள் காலங்காலமாக உதிர்க்கும் நகைச்சுவை. மேடையில் இருக்கும் பேராசிரியர்களும் மரியாதைக்குச் சிரித்து வைக்கிறார்கள். கூடவே இன்னொன்றும் வரும்: கம்பெனிச் சட்டம் வளர்ந்தது கோர்ட்டில், கல்லூரி அதற்கு நோட்ஸ் போட்டது, அவ்வளவே.

பிழைப்பைப் பற்றி ஒரு வரி போதும். ஆங்கிலக் கம்பெனிச் சட்டத்தின் பேராசான் எல்.சி.பி. கோவர், சொலிசிட்டராகத் தொழில் நடத்திய பிறகே 1948-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியரானார்.

கோர்ட்டில் வளர்ந்ததாமே, அதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனி வேறு, அதன் பங்குதாரர் வேறு என்ற 1897-இன் சாலமன் வழக்கை உடனே எடுத்து நீட்டுவார்கள்; நல்ல தீர்ப்புதான், இருக்கட்டும். 1875-இன் ஆஷ்பரி வழக்கை யாரும் நீட்டுவதில்லை. கம்பெனியின் அமைப்பு ஆவணமான மெமோராண்டத்தில் எழுதிய நோக்கங்களைத் தாண்டிக் கம்பெனி செய்யும் ஒப்பந்தம் செல்லாது, பங்குதாரர் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டாலும் செல்லாது என்றது பிரபுக்கள் சபை. வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? உலகத்துத் தொழில்களையெல்லாம் மெமோராண்டத்தில் பக்கம் பக்கமாக அடுக்கினார்கள். அடுக்க மறந்த கம்பெனியோடு வியாபாரம் செய்தவர் மாட்டிக்கொண்டார்.

1953-இல் ஜான் போஃபோர்ட் வழக்கு. பெண்களுக்கான உடை தயாரிக்கப் பதிவான கம்பெனி, வெனீர் பலகைத் தயாரிப்புக்கு மாறிவிட்டது. ஆலைக்குக் கோக் கரி அனுப்பியவர் பாக்கியைக் கேட்டார். ஆர்டர் வந்த தாளின் தலைப்பிலேயே பலகைத் தயாரிப்பு என்று இருக்கிறது, மெமோராண்டமோ பொது ஆவணம், அதை அறிந்தவராகவே உம்மைக் கருதுவோம் என்று கைவிரித்தது கோர்ட். கரி வியாபாரி முதலில் பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து மெமோராண்டம் வாசிக்க வேண்டும், பிறகுதான் லோடு ஏற்ற வேண்டும்! அனுபவசாலிகள் வளர்த்த சட்டம் இது.

மறு ஆண்டே, 1954-இல், நவீன கம்பெனிச் சட்டக் கோட்பாடுகள் பற்றிய கோவரின் நூல் வெளிவந்தது. புதிதாக விடுதலை பெற்றிருந்த கானா, 1958-இல் தன் கம்பெனிச் சட்டத்தை ஆராயும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அவர் வரைந்து தந்ததே கானாவின் 1963 கம்பெனிச் சட்டத் தொகுப்பு. நோக்கத்தைத் தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக எந்த ஒப்பந்தமும் செல்லாமல் போகாது என்றது அது. பங்குக்கு முகமதிப்பே வேண்டாம் என்றும் சொன்னது. 2019 வரை அந்தத் தொகுப்பு அமலில் இருந்தது. இங்கிலாந்தோ ஆஷ்பரியின் பிடியை 1972-இல் கொஞ்சம், 1989-இல் மிச்சம் என்று தவணையில் தளர்த்தியது. முகமதிப்பை இன்னும் விட்டபாடில்லை.

இந்தியாவில்? அதே 1963-இன் சட்ட அறிக்கைகளில் லட்சுமணசுவாமி முதலியார் வழக்கு இருக்கிறது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்த 2 லட்சம் ரூபாய் நன்கொடை, நோக்கத்தை மீறியது என்று முடிவாயிற்று. பணத்தைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு இயக்குநர்கள் தலையில் விழுந்தது.

பேராசிரியருக்குச் சந்தை தெரியாது என்பது கடைசி அஸ்திரம். முதலீட்டாளர் பாதுகாப்பை ஆராய 1981-இல் பிரிட்டிஷ் அரசு தேடிப் போனது கோவரைத்தான். 1984-இல் அவர் அறிக்கை கொடுத்தார். லண்டனின் நிதி வட்டாரமான சிட்டி முணுமுணுத்தது. ஆனாலும் 1986-இல் நிதிச் சேவைகள் சட்டம் வந்தது. அவருடைய நூலின் பிந்தைய பதிப்புகளைக் கவனித்துக்கொண்டவர் பால் டேவிஸ். அவரும், பாவம், பேராசிரியர்தான்.