தாழ்ச்சியும் ஒரு தம்ளர் தேநீரும்

தாழ்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னால் மறைக்கல்வித் தேர்வில் நாங்கள் எல்லாருமே நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவோம். "நான் எதற்கும் உதவாதவள்" என்று சொல்லிக்கொள்வதே தாழ்ச்சி என எண்ணி, பல ஆண்டுகள் அப்படியே எழுதியும் வந்தோம். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம் எங்களுக்கு நேர்ந்த தலைகுனிவு அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. அதை இம்மலரில் எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது.

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, தொழுநோய் நீங்கிய முதியோர் வாழும் மறுவாழ்வு இல்லம் ஒன்றுக்குச் சென்றோம். போர்வை கொடுத்தோம், கேக் கொடுத்தோம், பாட்டுப் பாடினோம். விடைபெறும் நேரத்தில் ஒரு பாட்டி, விரல்கள் தேய்ந்துபோன இரு உள்ளங்கைகளுக்கு இடையே, துணி சுற்றிய தம்ளரில் தேநீர் கொண்டுவந்து நீட்டினார். (அந்தக் கைகளுக்குச் சூடு தெரியாது, துணி இல்லாவிட்டால் தெரியாமலே வெந்து புண்ணாகிவிடும்.) "வேண்டாம் பாட்டி, இப்பொழுதுதான் சாப்பிட்டோம்" என்றோம். காலையிலிருந்து நாங்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பாட்டி வற்புறுத்தவில்லை. "சரி கண்ணுங்களா, இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க" என்று, எங்களுக்குச் சங்கடம் வராதபடி தாமே பேச்சை முடித்துக்கொண்டார்.

பிறரை முன்னிட்டு நடந்துகொண்டவர் அன்று யார்? திரும்பும் ரயிலில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

பயம் இயற்கைதானே என்று ஒரு தாயார் எங்களுக்காகப் பரிந்து பேசினார். அறியாமையால் வந்த பயம் என்றால் மன்னிக்கலாம். ஆனால் நாங்கள் பாடத்தில் படித்தவர்கள். கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1982-ல் பரிந்துரைத்த பிறகு இந்நோய் முழுமையாகக் குணமாகிறது. குணமானவரின் கைத் தேநீரால் யாருக்கும் எதுவும் தொற்றாது. அதிலும் நாங்கள் செங்கற்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள்! திருமணியில் 1924-ல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையை 1955-ல் மத்திய அரசு ஏற்று, ஆராய்ச்சி நிலையமாக நடத்தி வருகிறது. அங்கே டாக்டர் காக்ரேன் பணியாற்றிய காலத்தில், 1947-ல், வேலூரிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் பார்வையிட வந்தார். மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து, இறுக்கிப் பிடிக்கும்படி கேட்டார். பிடித்த பிடியில் அவருக்கே வலித்துவிட்டது. அந்தக் கையில் வலுவுள்ள தசைகள் மிஞ்சியிருப்பதை அப்படித்தான் அறிந்தார். பின்னாளில் வேலூரில் எத்தனையோ கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். கொடுக்க வந்த மருத்துவர் முதலில் நோயாளியிடமிருந்து பெற்றுக்கொண்டார் என்பதே எங்களுக்கு வியப்பு.

மொலோக்காய்த் தீவின் புனித தமியானும் அவ்வாறே. 1873-ல் அங்கு சென்றவர், நோயாளிகளோடு ஒரே பாத்திரத்தில் உண்டார். அக்காலத்தில் மருந்து கிடையாது; நோய் தொற்றி 1889-ல் இறந்தார். நமக்கோ எந்த ஆபத்தும் இல்லாதபோதே கை நீளவில்லை.

பெரிய வியாழனன்று பாதம் கழுவியவரைப் பற்றியே நாம் பேசுகிறோம். கழுவ விடமாட்டேன் என்று மறுத்த இராயப்பரைப் பற்றி அருளப்பர் எழுதியிருப்பதை விரைவாகத் தாண்டிவிடுகிறோம். கழுவுவதைவிடக் கழுவப்படச் சம்மதிப்பதுதான் கடினம் போலும். நாங்கள் கேக் கொடுத்தபோது எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தோம்! அவர்கள் கொடுக்க வந்தவுடன், அவர்களும் நாமும் சமம் என்றாகிவிட்டது. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை என்று இப்பொழுது தோன்றுகிறது.

பெற்றோர் கோபிக்கக் கூடாது; ஒன்று கேட்கிறோம். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுக்கிறோம்? பின்கட்டு ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் அந்தத் தம்ளரை எங்களில் சிலர் இந்த ஆண்டுதான் முதல்முறையாகக் கண்டோம். சிறு வயது முதல் அது அங்கேயேதான் இருந்தது. ஒருத்தி அதை எடுத்து மற்றத் தம்ளர்களோடு அடுக்கிவிட்டாள். மறுநாள் அவளுடைய ஆயா தேடி எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். இன்றுவரை இருவருக்கும் இந்த விளையாட்டு நடந்துகொண்டிருக்கிறது.

வருகிற டிசம்பரிலும் அந்த இல்லத்துக்குச் செல்ல இருக்கிறோம். பரிசுப் பொருள்களைக் குறைத்துக்கொண்டு, பிற்பகல் முழுவதும் தங்கிவரத் தலைமைச் சகோதரியிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். தேநீரில் சர்க்கரை குறைவாகப் போடும்படி பாட்டியிடம் சொல்லலாமா என்று ஒருத்தி இப்பொழுதே கேட்கிறாள்.