மார்வலி எல்லாம் வாயு அல்ல

தாராவியில் எட்டுப் பேர் தங்கும் ஓர் அறை. இருபத்திரண்டு வயது இளைஞன்; உயரமும் ஒல்லியுமான உடல்வாகு. காலையில் துணி பிழிந்துகொண்டிருந்தவனுக்கு வலப்பக்க மார்பில் சுருக்கென்று குத்துகிறது. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. "வாயுப் பிடிப்புதாம்லே, ஒண்ணுமில்ல" என்கிறார் அறையில் மூத்தவர். ஓமத் தண்ணீர் வருகிறது, தைலம் தேய்க்கிறார்கள். பையன் லோக்கல் வண்டியைப் பிடிக்க ஓடுகிறான். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்றே!

மூத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மார்வலி என்றால் மாரடைப்பு, அது வயதானவர்களுக்கு. மற்றதெல்லாம் வாயு என்றே அவர் கேட்டு வளர்ந்தவர். நுரையீரலில் காற்றுக் கொப்புளம் உண்டாகும், அது வெடிக்கவும் செய்யும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நுரையீரல் ஒரே பை அன்று. 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகளின் தொகுப்பு. இடைச்சுவர்கள் நைந்து அறுந்தால் பல அறைகள் ஒன்றாகி, மெல்லிய தோல் மூடிய கொப்புளமாகிவிடும். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை 'புல்லா' என்றும் சிறியதை 'பிளெப்' என்றும் டாக்டர்கள் அழைக்கின்றனர். இதனுள் நிற்கும் காற்று ரத்தத்துக்கு உதவாது. மும்பைவாசிக்குப் புரியும்படி சொன்னால், வாடகை தராமல் இடத்தை அடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் நெருக்கும் குடித்தனக்காரர்.

காரணங்களில் முதலிடம் பீடிக்கும் சிகரெட்டுக்கும். 1987-ல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வொன்று, நுரையீரலிலிருந்து திடீரெனக் காற்று கசியும் ஆபத்து புகைக்கும் ஆண்களுக்கு 22 மடங்கு அதிகம் என்றது. பீடி சிறியதுதானே என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. சிகரெட்டைவிடப் பீடியில்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகம் உள்ளே போகின்றன. கஞ்சாப் புகையும் காரணமாகலாம். பழைய காசநோய்த் தழும்பும் காரணமாகலாம். புகையையே தொடாத உயரமான, ஒல்லியான இளைஞர்களுக்கும் இது வருவதுண்டு.

வயதானவர் கதை வேறு. முப்பது வருஷம் பீடி பிடித்தவருக்கு ரயில் நிலைய மேம்பாலம் ஏறவே இளைக்கிறது. எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இங்கேதான் குழப்பம். சளிப் பரிசோதனை இல்லாமல், பழைய தழும்பைப் பார்த்தே மறுபடி டி.பி. மாத்திரை தொடங்கிவிடுவது ஒரு தவறு. பெரிய கொப்புளத்தைக் கசிந்த காற்று என்று எண்ணி அதிலேயே குழாயைச் செருகிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. படத்தில் இரண்டும் கறுப்பாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். செலவைப் பார்த்துத் தயங்குபவர் சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளை நாடலாம். வரிசை நீளம்தான், இருந்தாலும் சந்து டாக்டரின் ஊசிக்கு அது எவ்வளவோ மேல்.

கசிவு சிறிதானால் ஓய்வும் கண்காணிப்பும் போதும். அதிகமானால் ஊசியால் காற்றை எடுப்பார்கள். அல்லது விலா எலும்புகளுக்கிடையே குழாய் வைத்து, மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலில் விடுவார்கள். குமிழி நின்றால் ஓட்டை அடைந்தது என்று பொருள். முதல் தடவை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரும். அப்போது சிறு துளை வழியே கொப்புளத்தை வெட்டியெடுத்து, நுரையீரலை மார்புச்சுவரோடு ஒட்டவைக்கும் அறுவை உண்டு. வயதானவர்களுக்கோ, கொப்புளத்தைக் கரைக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையாது. இன்ஹேலர் இளைப்பைத் தணிக்கும். பீடியை விட்டால் நோய் முற்றும் வேகம் குறையும். ஒரே கொப்புளம் மார்பின் ஒரு பக்கத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அடைத்து, நல்ல பகுதியை நசுக்கினால் அறுவை பலன் தரும். நுரையீரல் முழுதும் பரவியிருந்தால் பெரும்பாலும் தராது.

மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை, பொன்னாடைகளுக்கும் குறைவில்லை. அந்தச் செலவில் ஒரு பகுதியில், ஆண்டுக்கொரு முறை, ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை முகாம் நடத்தினால் என்ன? பீடி பிடிக்கும் தொழிலாளி இளைப்பு முற்றுமுன்பே டாக்டரைப் பார்ப்பாரே!

கூலி போகும் என்ற பயத்துக்கும் ஓரளவு வழியுண்டு. சந்தா முறையாகக் கட்டப்பட்ட ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு, டாக்டர் சான்றிதழ் இருந்தால், நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வளைகுடா வேலைக்கு விமானம் ஏறக் காத்திருப்பவர் கசிவு முழுதும் அடைந்ததை எக்ஸ்ரேயில் பார்த்து, டாக்டர் சொன்ன பிறகே புறப்பட வேண்டும். மேலே போகப் போக அடைபட்ட காற்று விரியும்.

மார்வலியோடு மூச்சுத் திணறலும் வியர்வையும் கூடி, உதடு நீலம் பாய்ந்தால் லோக்கலுக்குக் காத்திருக்கக் கூடாது. கசிந்த காற்று இதயத்தையே நெருக்குகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அறையில் இருக்கும் எட்டுப் பேரும் காசு போட்டு டாக்சி பிடிக்க வேண்டிய நேரம் அது.