அசையும் வலைக்கு அசையாத படமா?

கணிப்பொறித் துறை மாணவர்களாகிய நாம் ஆண்டுதோறும் தேர்வு மண்டபத்தில் சந்திக்கும் பழைய நண்பர் ஒருவர் உண்டு. ஆறு வட்டம், ஒன்பது கோடு. கீழே, "இவ்வலைக்குரிய ஸ்பானிங் ட்ரீயை வரைக" என்ற கட்டளை. வரைகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். அக்கோடுகளில் ஒன்று நடுவிலேயே அறுந்தால் என்னவாகும் என்று எவரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இம்முறையை 1985இல் வெளியிட்டவர் ரேடியா பெர்ல்மன் அம்மையார். ஈதர்நெட் வலையில் ஒரு வளையம் அமைந்துவிட்டால், எல்லோருக்கும் என்று அனுப்பிய செய்தி ஓயாது சுற்றும், பெருகும், வலையே திணறும். எத்தனை முறை தாவினோம் என்று எண்ணும் வசதி அச்செய்தியில் இல்லை. ஆகவே வளையத்தைக் கண்டு, மிகையான இணைப்பை உறங்க வைக்க வேண்டும். யார் காண்பது? முழுப் படத்தையும் பார்க்கும் மேலதிகாரி அங்கே இல்லையே! பாலம் என வழங்கும் கருவி ஒவ்வொன்றும், தான் கேள்விப்பட்டவற்றுள் மிகச் சிறிய எண்ணுடைய பாலத்தைத் தலைமையாகக் கொண்டு, அதன் தொலைவை அண்டை அயலாருக்கு மட்டும் சொல்கிறது. சொல்லிச் சொல்லியே மரம் உருவாகிறது.

இவ்வளவும் பாடத்தில் உண்டு. இல்லாதது, காத்திருக்கும் காரணம். ஓர் இணைப்பு அறுந்தாலும், தொலைவிலுள்ள பாலம் பழைய செய்தியை 20 விநாடி வரை நம்பியிருக்கும். பிறகு புதுவழியைத் திறக்குமுன் 15 விநாடி கேட்கும். இன்னும் 15 விநாடி கற்கும். ஆக 50 விநாடி! நம் விடுதிச் சாப்பாட்டு வரிசையில்கூட இவ்வளவு பொறுமையைக் காண முடியாது. ஆனால் இது சோம்பல் அன்று. எங்கோ ஒரு பாலம் இன்னும் பழைய உலகில் வாழ்கிறது. அவசரப்பட்டுத் திறந்தால் வளையம் பிறந்துவிடும். சிறிது நேரம் தொடர்பற்றிருப்பதே மேல் என்பது இதன் கணக்கு. 2001இல் வந்த விரைவு வடிவம், அண்டையாரின் ஒப்புதலைக் கேட்டுப் பெற்று இக்காலத்தை வெகுவாகக் குறைத்தது.

இந்த விநாடிகள், பாலங்கள் ஏழுக்கு மிகாமல் வரிசைப்பட்ட வலையை மனத்தில் வைத்துக் கணக்கிட்டவை. 2002 நவம்பரில், பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலை, அந்த எல்லையை மீறி வளர்ந்திருந்த நிலையில் முடங்கிப் போயிற்று. ஏறத்தாழ நான்கு நாள் மருத்துவர்களும் செவிலியரும் காகிதத்தையே நம்பிப் பணிபுரிந்தனர். அங்கே மரம் வரையத் தெரிந்தவர் இல்லாமலா இருந்தனர்?

வினாத்தாளில் ஒரே ஒரு வரி கூட்டினால் போதும்: "நான்காம் கோடு 10ஆம் விநாடியில் அறுகிறது, 25ஆம் விநாடியில் எந்தப் பாலம் எதை நம்பிக்கொண்டிருக்கும்?" திருத்துவது கடினம் என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். கடினந்தான். எழுதுவதும் கடினந்தான், ஐயா. எழுத நாங்கள் தயார்.