எட்டு விநாடிச் சவாரியும் கூடாரக் கிராமமும்

யூலை மாதம் பிறந்தால் கல்கரியில் வாழும் எம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு வாக்குவாதம் தொடங்கும். ஸ்ராம்பீட்டுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் நிற்பார்கள். "அது குதிரைக்காரரின்ரை திருவிழா, எங்களுக்கு அங்கை என்ன அலுவல்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ரிக்கற்றும் மலிவில்லை. இரண்டு வேலை செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்களின் கேள்வி நியாயமானதுதான். அதற்கு இம்முறை பதில் தேடுவோம்.

வெளி மாகாண வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம் வரலாறு. கல்கரியில் விவசாயக் கண்காட்சி 1886இலேயே தொடங்கிவிட்டது. 1912இல் கை வீடிக் என்ற கயிற்று வித்தைக்காரர், நான்கு செல்வந்தர்கள் ஒரு இலட்சம் டொலருக்குப் பொறுப்பேற்க, முதலாவது ஸ்ராம்பீட்டை நடத்தினார். மாடு மேய்க்கும் பரந்த வெளிகள் வேலியடைக்கப்பட்டு அந்த வாழ்க்கை மறைந்துகொண்டிருந்த காலம் அது. மறையப்போவதை ஒருமுறையாவது அரங்கேற்றிப் பார்க்க வேண்டும் என்பதே அவரது எண்ணம். 1923இல் கண்காட்சியும் ஸ்ராம்பீட்டும் ஒன்றாகி, ஆண்டுதோறும் நடக்கும் விழாவாயின. 2020இல் கொரோனாவால் மட்டும் அது தடைப்பட்டது. 2013 யூனில் எல்போ நதியும் போ நதியும் பெருகி மைதானமே நீரில் கிடந்தபோதும், இரண்டு வாரத்தில் துப்புரவாக்கி விழாவைத் தொடங்கிவிட்டார்கள். 2024இல் உள்ளே சென்றவர்கள் 14 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல்.

பிற்பகலில் றோடியோ. துள்ளும் குதிரையிலோ எருதிலோ ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு எட்டு விநாடி இருக்க வேண்டும். மற்றக் கை எதிலும் பட்டால் புள்ளி இல்லை. நூறு புள்ளியில் பாதி வீரனுக்கு, மீதிப் பாதி மிருகத்துக்கு. சோம்பலாகத் துள்ளும் எருதில் இருந்தவன் விழாமல் இருந்தாலும் வெல்ல மாட்டான். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னால் அவர்கள் ஆட்டத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

மாலையில் வண்டி ஓட்டம். மாட்டு மந்தையோடு செல்லும் ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன சமையல் வண்டிதான் 1923இல் பந்தய வண்டியானது. நான்கு குதிரை பூட்டிய வண்டிகள் பீப்பாய்களை எட்டு வடிவத்தில் சுற்றிப் பாதையில் பாயும்போது, ஊரில் சவாரித் திடலில் நின்று பழகிய எங்கள் ஐயாமார் கதிரையில் இருக்க மாட்டார்கள். வண்டில் சவாரியை அறிந்தவர்களுக்கு இதில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2019இல் இந்த ஓட்டங்களில் ஆறு குதிரைகள் இறந்தன. அதன்பின் ஓர் ஓட்டத்தில் ஓடும் வண்டிகளை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். மிருகவதை என்று எதிர்ப்பவர்களின் குரல் இன்னும் ஓயவில்லை. பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் பேசுங்கள்.

இரவானதும் பாட்டு. பெரிய உள்ளரங்குக் கச்சேரிகளுக்குத் தனி ரிக்கற் வேண்டும். மைதானத்துத் திறந்த மேடைகள் பலவற்றை நுழைவுக் கட்டணத்தோடேயே கேட்கலாம். கிற்றாரும் பிடிலும் சேர்ந்த கன்ரறி இசையை "ஒரே மாதிரி இழுவை" என்று ஒதுக்குபவர்கள் எம்மில் உண்டு. சொற்களைக் கவனித்துப் பாருங்கள். பிரிந்த வீடு, நீண்ட வழி, வேலை தேடிப் போனவன், காத்திருக்கும் பெண் என்று எமக்குத் தெரிந்த சங்கதிகளே வரும். கல்கரிக்குத் தெற்கே பண்ணை வைத்திருந்து 2022இல் காலமான இயன் ரைசன், இளம் வயதில் றோடியோவில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் கிற்றார் பழகினார். 1963இல் அவர் புகழ்பெறச் செய்த 'ஃபோர் ஸ்ரோங் விண்ட்ஸ்', வேலைக்காக அல்பேர்ட்டாவுக்குப் புறப்படும் ஒருவனின் பாட்டு. எம்மில் எத்தனை பேர் அப்படித்தான் இங்கே வந்தோம்!

இவை எல்லாவற்றையும் விட எம்மை நிறுத்தி வைப்பது, மைதானத்தின் ஒரு பக்கத்தில் இருக்கும் கூடாரக் கிராமம். 2018இலிருந்து அதன் பெயர் எல்போ நதி முகாம். 1877இல் ஏழாம் இலக்க உடன்படிக்கையில் ஒப்பமிட்ட சிக்சிக்கா, கைனாய், பிகானி, சூட்டினா, ஸ்ரோனி நக்கோடா மக்களின் கூடாரங்கள் அங்கே நிற்கின்றன. இந்த மண்ணின் சொந்தக்காரர்கள் இவர்கள்தான். ஆயினும் ஒதுக்கப்பட்ட நிலத்தை விட்டு வெளியே வர, அரச அதிகாரியின் துண்டு தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தம் பாரம்பரிய உடையில் அனுமதியின்றிக் காட்சிகளிலும் ஆட்டங்களிலும் பங்குபற்றுவதை 1914இல் சட்டம் தடுத்தது. 1951இல்தான் அந்தத் தடைகள் நீங்கின. பிள்ளைகளை விடுதிப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோய்த் தாய்மொழி பேசினால் தண்டித்த கதையும் நாடறிந்தது.

அந்தக் காலத்திலும் ஸ்ராம்பீட்டுக்கு அவர்கள் வந்தார்கள். அழைத்தவர்களுக்கு அது வேடிக்கைக் காட்சி. வந்தவர்களுக்கோ, உடை உடுத்தி, ஆடி, உறவினரைச் சந்தித்து, பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுக்கக் கிடைத்த நாட்கள். 1912இல் எவரையும் விழுத்தும் என்று பேரெடுத்த சைக்குளோன் என்ற குதிரையில் இருந்து வெற்றி பெற்றவரும் கைனாய் இனத்தவரான ரொம் திறீ பேர்சன்ஸ்தான். அன்று தொடங்கிய சில குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே கூடாரச் சித்திரங்களோடு வந்து நிற்கிறார்கள்.

பண்பாட்டைக் காப்பது என்று நாம் மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். எங்கள் கோடை விழாக்களில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, மேடையில் பொன்னாடை, பிள்ளைகள் ஓரத்தில் தொலைபேசியோடு. கூடாரக் கிராமத்தில் நாம் காண்பது வேறு. பெரியவர் கம்பை நாட்டும்போது சிறியவர் கயிற்றைப் பிடிக்கிறார். மேடைப் பேச்சால் வருவதல்ல அது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்வதால் வருவது. ஊர்ச் சங்க ஒன்றுகூடலில் கூழ் காய்ச்சும் பானையருகே பிள்ளைகளையும் நிறுத்தினால் என்ன? சவாரியைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஐயாவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் என்ன?

ஆகவே எமது பதில்: போங்கள். அம்மம்மாவையும் அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ராட்டினங்களுக்கு முன் கூடாரக் கிராமத்தைப் பாருங்கள். கைச்செலவு இடிக்கிறது என்றால் முதல் வெள்ளிக்கிழமை ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று பார்க்கலாம். ஊரெங்கும் பலர் கொடுக்கும் காலைப் பான்கேக்கும் இலவசம்தான்.

இன்னுமொன்று. இரவுக் காட்சியின் முடிவில் வாணவெடி உண்டு. செல்லடிக்குள் இருந்து வந்தவர்கள் வீட்டில் இருந்தால் நேரத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்கள் வெளிக்கிட விரும்பினால், "இதென்ன பயம்" என்று சிரிக்காமல் அவர்களோடு எழுந்து வாருங்கள். பாட்டை அடுத்த வருடமும் கேட்கலாம்.