மன்னிப்பால் தீருமா கணக்கு?

பிணங்களைத் தைத்து உயிர் கொடுத்த கதை மறுபடியும் திரைக்கு வந்திருக்கிறது. மெக்சிகோ நாட்டு டைரக்டர் கில்லர்மோ டெல் டோரோவின் ‘பிராங்கன்ஸ்டீன்’ 2025 ஆகஸ்டில் வெனிஸ் படவிழாவில் திரையிடப்பட்டது. நவம்பரில் நெட்பிளிக்ஸ் மூலம் வீடுகளுக்குள் நுழைந்தது. கண்ணைப் பறிக்கும் படம், சந்தேகமில்லை. அரக்கனுக்காக ஜனங்கள் கண்ணீர் விடுகிறார்கள். நல்லது. ஆனால் நாம் கேட்கிறோம்: மேரி ஷெல்லி எழுதியது கண்ணீர்க் கதையா, குற்றப் பத்திரிகையா?

1816ல் ஜெனீவா ஏரிக்கரையில், கவிஞர் பைரனின் ஜாகையில் எழுந்த பேய்க்கதைப் போட்டிக்காக 18 வயது மேரி தொடங்கிய கதை இது. அதற்கு நான்கு ஆண்டு முன்னால், பின்னல் யந்திரங்களை உடைத்த தொழிலாளிக்கு மரண தண்டனை என்று பிரிட்டிஷ் சர்க்கார் சட்டம் செய்தது. பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியவர் இதே பைரன்தான். பட்டினி போட்டவன் குற்றவாளியா, பட்டினியால் கை ஓங்கியவன் குற்றவாளியா? அந்தக் காலத்தின் கேள்வி இது. 1818ல் வெளிவந்த நாவலின் கேள்வியும் இதுவே.

நாவலில் அந்தப் பிராணி பரமசாது அல்ல. ஒரு சிறுவனைக் கொல்கிறது. தன்னைச் சிருஷ்டித்த விக்டரின் நண்பனைக் கொல்கிறது. கல்யாண இரவில் மணப்பெண்ணைக் கொல்கிறது. ஆசிரியை எதையும் மறைக்கவில்லை. ஆனால் அது எங்கே படித்தது என்பதையும் எழுதினார். குடிசைச் சுவரின் மறுபுறம் ஒளிந்திருந்து அது கேட்ட பாடம் என்ன? சொத்து சிலரிடம், வறுமை பலரிடம். குலமும் பணமும் இல்லாதவன் பிறர் லாபத்துக்காக உழைத்து மடியப் பிறந்தவன்!

சிறுவனின் கொலைக்காகத் தூக்கில் தொங்கியது யார்? வேலைக்காரப் பெண் ஜஸ்டின். அவள் நிரபராதி என்று எஜமானன் விக்டருக்குத் தெரியும். ஆனாலும் உண்மையைச் சொல்ல அவன் வாய் திறக்கவில்லை.

புதிய படத்தில் இந்த ஜஸ்டினுக்கு இடமே இல்லை. மணப்பெண் சாவது விக்டரின் குண்டால். பிராணியோ தன்மேல் பாய்பவர்களையே அடிக்கிறது. அதன் கை சுத்தமாக்கப்பட்டுவிட்டது. நாவலில் அன்பான பெற்றோரிடம் வளர்ந்த விக்டருக்கு, படத்தில் பிரம்பெடுத்து அடிக்கும் தகப்பன். தகப்பன் மகனை அடித்தான், மகன் தன் சிருஷ்டியை அடித்தான். ஆக, சமூகத்தின் நோய் ஒரு குடும்பத்தின் வியாதியாகச் சுருங்கிவிட்டது!

டைரக்டருக்கு விஷயம் தெரியாது என்று நாம் சொல்லவில்லை. கிரிமிய யுத்தத்தின் பிணங்களைக் காட்டுகிறார். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவன் அந்த யுத்தத்தில் கொழுத்த ஆயுத வியாபாரி. சரியான இடத்தில்தான் கை வைத்தார். ஆனால் பிராணி உயிர் பெறும் இரவிலேயே வியாபாரி கீழே விழுந்து சாகிறான். அவனோடு யுத்த லாபம் என்ற பேச்சும் செத்துப் போகிறது.

இந்தக் கதையின் கேள்வியிலிருந்து தப்புவது புதிதல்ல. 1824ல் பிரிட்டிஷ் மந்திரி ஜார்ஜ் கானிங், மேற்கிந்தியத் தீவு அடிமைகளை உடனே விடுவிக்கலாகாது என்று பார்லிமெண்டில் வாதாட இந்தப் பிராணியையே உவமை காட்டினார். 1931ன் ஹாலிவுட் படம், மண்டைக்குள் குற்றவாளியின் மூளையை வைத்துக் கொடுமைக்குக் காரணம் சொன்னது. அவர்கள் அதைப் பிறவிக் கொடியவன் ஆக்கினார்கள். இவர் பிறவி உத்தமன் ஆக்குகிறார். இவருடைய பாதை மனிதாபிமானப் பாதைதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் குற்றமே செய்யாதவனுக்கு இரங்குவது சுலபம். குற்றம் செய்தவனை முன்னே நிறுத்தி, இவனை இப்படி ஆக்கியது யார் என்று கேட்பதே கடினம். அந்தத் துணிவு அந்த இளம் பெண்ணுக்கு இருந்தது.

படத்தின் முடிவில் விக்டர் மன்னிப்புக் கேட்கிறான், பிராணி மன்னிக்கிறது, சூரியன் உதிக்கிறது. நாவலில் விக்டர் தன்மேல் குற்றமில்லை என்ற நினைப்போடு சாகிறான். நான் ஒருவன்தானா குற்றவாளி என்று கேட்டுவிட்டுப் பிராணி பனிக்கடலின் இருளில் மறைகிறது. அடிபட்டவன் மன்னித்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பது அடித்தவனுக்குச் சௌகரியமான நியாயம். படம் பார்த்தவர்கள் நாவலையும் எடுத்துப் படியுங்கள். ஜஸ்டினின் கணக்கு இன்னும் தீரவில்லை என்பது தெரியும்.