டின்னில் வரும் ஸ்டவுட்டும் லயத்து வாளியும்

ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சிலர், அங்கே வீட்டிலேயே ஸ்டவுட் செய்கிறார்களாம். விடுமுறைக்கு வரும்போது ஒரு டின்னைக் கொண்டுவந்து, "லயத்திலும் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். 1947-இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் நடத்திய சமூகம் நம்முடையது. குடிக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. அதற்காக, ஒரு பொருளை இன்னதென்று அறியாமல் ஏசவும் மாட்டோம்.

பார்லியை முளைக்கவைத்து, அதன் இனிப்புச் சாற்றைத் தேன்போல் வற்றவைத்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவும் சேர்த்து டின்னில் அடைக்கிறார்கள். கருக வறுத்த தானியத்தால் வருவதே அந்தக் கறுப்பு. சாதாரணமாக ஒரு டின் 1.7 கிலோ. வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, தண்ணீர் விட்டு 23 லிட்டராக்கி, சூடு ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடிவைத்தால் பத்து நாளுக்குள் புளித்துவிடும். இதைச் சம்சுவோடு சேர்த்துப் பேசுவது தவறு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் பல உயிர்களைக் கொண்டுபோனது மெத்தனால் கலந்த மது. மாண்டவர்களில் பலர் பிழைக்க வந்த அந்நிய நாட்டுத் தொழிலாளர்கள். ஸ்டவுட் வாளியில் அந்த நஞ்சு ஆபத்தான அளவில் உண்டாவதில்லை.

பால் வெட்டும் கைக்கு இந்த வேலை சுலபமாகப் படியும் என்பதில் ஐயமில்லை. கழுவாத மங்கில் விழுந்த பால், ஸ்டோருக்குப் போகுமுன் திரிந்து கட்டியாவதை எத்தனை காலையில் பார்த்திருக்கிறோம்! கண்ணுக்குத் தெரியாத கிருமி செய்கிற வேலை அது. ஸ்டவுட்டிலும் அதே கதைதான். ஈஸ்ட் தலையெடுக்குமுன் வேறு கிருமி புகுந்தால் 23 லிட்டரும் காடி. ஸ்டோர்க் கிராணி பாலில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுக் கணக்கு எழுதுகிறாரே, அதுபோல் இதற்கும் ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. தொடக்கத்தில் 1040-ஐ ஒட்டி நிற்கும்; சர்க்கரை தீரத் தீர 1010-ஐ ஒட்டி இறங்கும். இரண்டு மூன்று நாள் அசையாமல் ஒரே எண்ணில் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்கவேண்டும். அவசரப்பட்டு அடைத்தவன் வீட்டில் பாட்டில் வெடிக்கும். பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருக்கும் இடத்தில் கண்ணாடிச் சில்லு சிதறினால் யார் பதில் சொல்வது? வெக்கை வேறு. 20 டிகிரியை ஒட்டியிருந்தால் ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்யும். நம் தகரக் கூரைக்கடியில் பகலில் 30-ஐத் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டில் புளித்ததில் வார்னிஷ் வாடைதான் மிஞ்சும்.

ஆனால் நமக்கு மனம் பொறுக்காதது வேறொன்று. "பிள்ளை பெற்ற மருமகளுக்கு ஸ்டவுட் கொடுத்தால் இரத்தம் ஊறும், பால் சுரக்கும். கடையில் விலை அதிகம், வீட்டிலே செய்தால் மிச்சம்தானே" என்று சொல்லும் தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டவுட் உடம்புக்கு நல்லது என்று கின்னஸ் கம்பெனி பிரிட்டனில் 1929-இலேயே விளம்பரம் செய்தது. விளம்பரம் மருந்தாகிவிடுமா? அதிலுள்ள இரும்புச் சத்து மிகச் சொற்பம். தாய் குடிக்கும் மது தாய்ப்பாலிலும் சேரும். பால் சுரப்பைக் குறைக்கவும் கூடும். அந்தக் காசுக்கு முட்டையும் முருங்கைக்கீரையும் வாங்கிக் கொடுங்கள், அம்மா. சுறாப்புட்டு செய்யத் தெரிந்த பாட்டி பக்கத்து லயத்திலேயே இருப்பார்.

மிச்சம் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 23 லிட்டர் என்றால் ஏறக்குறைய முப்பது பெரிய பாட்டில். கடையில் வாங்குகிறவன் சம்பள நாளில் ஒன்றோடு நிறுத்துகிறான். கட்டிலுக்கடியில் முப்பது இருந்தால் நிறுத்துவானா?

சட்டமும் இடத்துக்கு இடம் வேறு. பிரிட்டனில் 1880-இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டப்படி வீட்டில் பீர் செய்பவனும் உரிமம் வாங்கவேண்டியிருந்தது. 1963-இல் நிதியமைச்சர் மாட்லிங் அதை நீக்கினார். சிங்கப்பூரில் குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்காமல் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம். மலேசியாவிலோ 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். நாம் குடியிருக்கும் வீடு தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். ஒரு வாளி ஸ்டவுட்டுக்காக அந்த வம்பை வாங்கிக்கொள்ளலாமா?

ஆகவே, டின்னைப் பிள்ளை சிங்கப்பூருக்கே திரும்ப எடுத்துப் போகட்டும். அங்கே அவன் முறைப்படி செய்து, நாம் போகிற சமயம் ஒரு கிளாஸ் நீட்டினால், நம்மில் குடிக்கிறவர்கள் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள்.